கேசட் காலி இல்லை

மும்பையில் வீடு மாற்றும் தமிழ்க் குடும்பங்களின் பரணிலிருந்து மற்ற சாமான்களோடு ஒரு பிஸ்கட் டின்னும் இறங்குகிறது. உள்ளே ஏழெட்டு வீடியோ கேசட்டுகள். கூடவே, பூந்துவாலையில் சுற்றிய பழைய கேமரா ஒன்று. தாராவியிலிருந்து செம்பூருக்கு, செம்பூரிலிருந்து நவி மும்பைக்கு என்று இரண்டு முறையாவது டெம்போ ஏறி இறங்கிய சாமான் அது. யாரோ ஒருவர் ஆசையாகக் கேமராவை டிவியில் மாட்டி ஒரு கேசட்டைப் போடுகிறார். திரையில் வெறும் நீலம். இன்னொரு கேசட். அதுவும் நீலம். "எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று தீர்ப்புச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. மறுநாள் காலையில் டின்னோடு பங்கார்காரரின் கோணிக்குள் போய்விடுகிறது.

தீர்ப்பு பெரும்பாலும் தவறு. கேசட்டில் பதிந்த காந்தம் அவ்வளவு சுலபத்தில் மறைவதில்லை. 30 வருடம் பரணில் கிடந்த டேப்பில்கூடப் படம் அப்படியே இருக்கும். தகராறு வேறு இடத்தில். கேமராவுக்குள் சுற்றும் ஒரு சின்ன உருளையில், கண்ணுக்குத் தெரியாத அழுக்கு. டேப்பிலிருந்து வரும் சைகை பலவீனமாக இருந்தால் அதைக் காட்டாமல் நீலத் திரையைப் போட்டு மறைத்துவிடும் பழக்கம் பல டிவிகளுக்கு உண்டு. மரியாதைக்காகச் செய்கிறதாக்கும்! அந்தக் காலத்து டிவியானால் ஈ மொய்ப்பது போலப் புள்ளி புள்ளியாகவாவது காட்டியிருக்கும். பார்ப்பவருக்கும் உள்ளே ஏதோ இருக்கிறது என்று சந்தேகம் தட்டியிருக்கும். நீலம் அந்தச் சந்தேகத்துக்கும் இடம் தருவதில்லை.

அந்த உருளைதான் ஹெட் டிரம். ஜேவிசி கம்பெனி 1976இல் ஜப்பானில் அறிமுகப்படுத்திய விஎச்எஸ் முறையில் அதன் குறுக்களவு 62 மி.மீ. அதன் விளிம்பில் எதிரும் புதிருமாக இரண்டு ஹெட்டுகள், கடுகைவிடச் சின்ன முனைகள். இந்திய டிவி முறைக்கு டிரம் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றும். டேப் விநாடிக்கு 2.3 செ.மீ.தான் நகர்கிறது, எறும்பு வேகம். ஆனால் ஹெட் அதன்மேல் சாய்வாகச் சீவிக்கொண்டு போகும் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 4.8 மீட்டர். ஒவ்வொரு கீற்றிலும் படத்தின் ஒரு பாதி பதிகிறது. கேமராக்களைக் கைக்கடக்கமாக்க வேண்டும் என்று 1985இல் வந்த 8 மி.மீ. முறையில் டிரம் 40 மி.மீ. ஆகச் சுருங்கியது. 1995இல் வந்த மினி டிவியில் அது 21.7 மி.மீ., சுற்று நிமிடத்துக்கு 9,000.

படத்தை எழுதுவதும் படிப்பதும் ஹெட் முனையில் உள்ள ஒரு வெடிப்பு. அதன் அகலம் சுமார் 0.3 மைக்ரான். தலைமுடியின் பருமனை 200 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. டேப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஒரு மைக்ரான் இடைவெளி விழுந்தால் போதும், படம் காணாமல் போய்விடும். டேப்பிலிருந்து உதிரும் காந்தத் தூள், அதை ஒட்டவைத்த பசை, வீட்டுத் தூசி, ஊதுவத்திப் புகை, எது படிந்தாலும் இடைவெளிதான். ஒரு ஹெட் மட்டும் அடைத்துக்கொண்டால் படம் பாதி தெரியும், பாதி ஈ மொய்க்கும். இரண்டும் அடைத்தால் சுத்தமாக இல்லை.

இதில் ஒரு கொடுமையான வித்தியாசம் உண்டு. விஎச்எஸ் டேப்பின் ஓரத்தில் ஒலிக்கென்று தனிக் கோடு இருக்கிறது. அதைப் படிப்பது சுழலாத வேறொரு ஹெட். ஆகவே வீடியோ ஹெட் அழுக்கானாலும், புள்ளிகளுக்குப் பின்னால் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருக்கும். 8 மி.மீ. கேமராவில் ஒலியையும் படத்தோடு சேர்த்து அதே சுழலும் ஹெட்டுகள்தான் எழுதுகின்றன. அங்கே அழுக்கு படிந்தால் முகமும் போகும், குரலும் போகும்.

குரல் போவது ஏன் பெரிய விஷயம் என்பதற்கு மும்பைத் தமிழரின் வீடியோ வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1982 ஏஷியாட்டை ஒட்டி இந்தியாவுக்குக் கலர் டிவி வந்தது. வீடியோவும் அந்தக் காலத்தில்தான் வீடுகளுக்குள் நுழைந்தது. மாதுங்காவின் அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் பார்த்தவர்கள் வாடகைக் கேசட்டுக்கு மாறினார்கள். அடுத்த அலை கல்யாண வீடியோ. தோளில் தூக்கிவைத்துப் படமெடுக்கும் பானசோனிக் கேமராக்கள், கூடவே கண்ணைக் கூசவைக்கும் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். தாராவியிலும் மாதுங்காவிலும் எடுத்த கல்யாணக் கேசட் திருநெல்வேலிச் சீமைக்கு ரயில் ஏறியது, லீவு கிடைக்காமல் ஊரில் தங்கிவிட்ட பெரியப்பாவுக்காக. அங்கே நடந்த கோயில் கொடையின் கேசட் இங்கே வந்தது, டிக்கெட்டுக்குக் காசில்லாமல் போகமுடியாதவர்களுக்காக. கடிதத்தில் நாலு வரி எழுதத் தெரியாதவர்கள் கேமராவைப் பார்த்து நாலு வார்த்தை பேசினார்கள்.

கல்யாணக் கேசட்டில் அந்த வார்த்தைகளைத் தேடினால் கிடைக்காது. எடிட்டிங் செய்தவர் இளையராஜாவையும் ரஹ்மானையும் முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டிருப்பார். பேத்தியைத் தடவிக்கொடுத்து ஆச்சி வாயசைக்கிறாள். கேட்பது சினிமா டூயட். மூலையிலிருந்து ஒரு ரோஜாப்பூ சுழன்று வந்து அவள் முகத்தையும் மறைக்கும். அந்தக் காலத்தில் இதற்குக் கூடுதல் ரேட். குரல் இருப்பது எடிட் செய்யாத டேப்பில்தான். அதாவது, வளைகுடாவிலிருந்து லீவில் வந்த மாமாவோ அண்ணனோ கொண்டுவந்த ஹேண்டிகேமில், பாட்டுச் சேர்க்காமல், கை நடுங்க எடுத்த 8 மி.மீ. கேசட்டில். அதை விசிஆரில் போட முடியாது. அதே ஜாதிக் கேமரா ஒன்று ஓடினால்தான் உண்டு.

அப்படி ஓடவைப்பவர்கள் இப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். தாராவியில், கிராஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். பிழைப்புக்கு மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி ரிப்பேர். 15 வயதில் கல்யாண வீடியோவுக்கு விளக்குப் பிடித்து, பிறகு கேமரா பிடித்து, அதன் பிறகு கேமரா ரிப்பேருக்கு வந்தவர். ஹெட்டைத் துடைக்க அந்தக் காலத்தில் கற்றது தொழில் பயத்தால். முகூர்த்தத்துக்கு முன்பு அழுக்கு ஹெட்டோடு போனால் கேமரா ஓடும், சிவப்பு விளக்கு எரியும், டேப்பில் ஒன்றும் பதிந்திருக்காது. மாப்பிள்ளையிடம் போய் இன்னொரு முறை தாலி கட்டச் சொல்ல முடியுமா?

அவரிடம் செம்பூரிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். தாராவியில் பிறந்து வளர்ந்து, செம்பூர் பள்ளி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு ஹேண்டிகேம், ஒரு கேசட். 1997 பொங்கலன்று 90 அடி சாலையில் வரிசையாக அடுப்புக் கூட்டிப் பானை வைத்ததை, குவைத்திலிருந்து வந்திருந்த அவர் தம்பி எடுத்தது. அம்மா இறந்து பத்து வருடம் ஆகிறது. போட்டோக்கள் இருக்கின்றன. குரல் இது ஒன்றில்தான்.

"அண்ணே, போட்டா ஒண்ணுமே வரல. அழிஞ்சிருச்சா?"

"சோலி முடிஞ்சதுன்னு யாரு சொன்னா டீச்சர்? கண்ணுல பூளை தள்ளியிருந்தா தொடைக்கணும்லா. கண்ணு போச்சுன்னா சொல்லுவாக?"

அவர் கேசட்டைத் தொடவே இல்லை. முதலில் தன்னிடமிருந்த ஒரு உதவாக்கரைக் கேசட்டை அந்தக் கேமராவில் போட்டு, கண்ணை வியூஃபைண்டரில் வைத்துப் பார்த்தார். அதிலும் புள்ளிதான். நன்றாக ஓடும் என்று தெரிந்த கேசட்டும் தகராறு செய்தால் குற்றவாளி கேமராதான். இதைச் சோதிக்க வீட்டுக்காரர்களின் பொக்கிஷக் கேசட்டைப் போடக்கூடாது என்பது அவருடைய முதல் விதி. போட்டு, பசை தட்டி, உள்ளே டேப் சுற்றிக்கொண்டால் பிறகு கத்தரிக்கோல்தான்.

அதன்பின் செய்தது பார்க்க அற்பமான வேலை. கேசட் கதவைத் திறந்த நிலையில் வைத்துவிட்டு பேட்டரியைக் கழற்றினார். தூள் உதிராத வெள்ளைத் தாளை விரலகலத்துக்குக் கத்தரித்து, லாமிங்டன் ரோட்டில் வாங்கிய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்தார். தாளை டிரம்மின் பக்கத்தில் லேசாக ஒட்டவைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் விரல் நுனியால் டிரம்மின் மேல்விளிம்பைத் தொட்டு மெதுவாகச் சுற்றினார். நாலு சுற்று. தாளில் பழுப்பாக ஒரு கோடு. புதுத் தாள், இன்னும் நாலு சுற்று. கோடு மங்கியது.

எல்லாமே இதில் அடங்கியிருக்கிறது: தாள் நிற்க வேண்டும், டிரம் சுற்ற வேண்டும். தாளை மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் முனை உடையும். கண்ணாடி போல நொறுங்கும் ஃபெரைட் அது. பஞ்சு சுற்றிய குச்சி கூடவே கூடாது. பஞ்சிழை முனையில் மாட்டிக்கொண்டு அதைப் பெயர்த்துவிடும். டேப்பை வழிநடத்தும் கம்பங்களையும் அசையாத ஹெட்டுகளையும் பஞ்சால் துடைக்கலாம், தப்பில்லை. ரப்பர் உருளையில் ஆல்கஹால் அதிகம் படக்கூடாது, காய்ந்து வெடிக்கும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும். 2020க்குப் பிறகு வீட்டுக்கு வீடு இருக்கும் சானிடைசர் அதைவிட மோசம். பலவற்றில் கிளிசரின் இருக்கிறது, கைக்கு நல்லது, ஹெட்டுக்குப் புது அழுக்கு. துடைத்து முடித்ததும் அரைமணி நேரம் காயவிட வேண்டும். ஈர டிரம்மில் டேப் பட்டால் ஒட்டிக்கொண்டு கிழியும்.

கடையில் விற்ற க்ளீனிங் கேசட் என்னவாயிற்று என்று கேட்கலாம். உலர்ந்த ரகக் கேசட் உண்மையில் மென்மையான உப்புத்தாள். பத்து விநாடிக்குமேல் ஓடவிட்டால் அழுக்கோடு ஹெட்டும் தேயும். வாரந்தோறும் அதை ஓட்டியே கேமராவை முடித்த வீடுகள் உண்டு. தாளும் பொறுமையும் அதைவிட மேல்.

அரைமணி கழிந்து உதவாக்கரைக் கேசட்டைப் போட்டார். பாதிப் படம். ஒரு ஹெட் விழித்துக்கொண்டது, மற்றது இல்லை. மறுபடி தாள், மறுபடி காயவிடுதல். டீ வந்தது. டீச்சர் குடிக்கவில்லை. மூன்றாவது முறைக்குப் பிறகு படம் நின்றது. அப்புறம்தான் அவர் கேசட்டைக் கையில் வாங்கினார். அதன் முதுகில் இருக்கும் சின்னத் தள்ளுபட்டையை, மேலே எதுவும் பதியாதபடி நகர்த்திவைத்தார். சன்னலோரம் பிடித்துச் சுருளைப் பார்த்தார். பூஞ்சை இல்லை. ஒரு முறை கடைசிவரை ஓட்டி, திருப்பிச் சுற்றினார். கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்கு மஞ்சள், வெள்ளை ஒயர்கள். கம்ப்யூட்டரில் பதிவைத் தொடங்கிவிட்டுத்தான் கேமராவை ஓடவிட்டார். இரண்டாவது முறை ஓடுமா என்பது நிச்சயமில்லாத டேப்பை வேடிக்கைக்காக ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது வீண் செலவு.

புகை. செங்கல் அடுப்பு. மஞ்சள் கொத்து கட்டிய பானை. கேமரா ஒரு கிழவியின் முகத்தை நோக்கி ஆடி ஆடிப் போகிறது. அவள் கையால் மறைக்கிறாள். "ஏல, என்னைய எதுக்குல படம் புடிக்கே? பானையைப் புடி, பொங்கப் போவுது."

மகன் பானையைப் பிடித்திருக்கிறான். மிச்சம் பத்து நிமிடமும் பானைதான், பக்கத்து வீட்டுப் பானைகள்தான், குலவைதான். அம்மாவின் முகம் எல்லாம் சேர்த்து அரை நிமிடம்கூட இருக்காது. ஆனால் குரல் முழுக்க இருக்கிறது, கேமராவுக்குப் பின்னால், யாரையோ அரிசி எடுத்துவரச் சொல்லிக்கொண்டு, யாரையோ திட்டிக்கொண்டு. கடைசிப் பக்கம் ஒரு இடத்தில் டீச்சரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. அவர் கடையில் உட்கார்ந்தபடி "என்னம்மா" என்றார். ரிப்பேர்க்காரர் ஸ்குரூ டிரைவரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

எல்லாக் கேசட்டும் இப்படி முடிவதில்லை. மும்பையின் ஈரத்தில் டேப் சுருளின்மேல் மாவு தூவியது போல வெள்ளை படியும். அது பூஞ்சை. அந்தக் கேசட்டைக் கேமராவில் போட்டால் ஹெட் அடைப்பதோடு நிற்காது. அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். அதைத் தனியாகப் பையில் கட்டிவைத்து, முகமூடி போட்டுக்கொண்டு, உலர்த்தி, துடைத்து எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் வழி. வெயிலில் காயப்போடுவது வழியல்ல, சுருள் நெளிந்துவிடும். பசை இற்றுப்போன டேப்புகள் இன்னொரு ரகம். இரண்டு நிமிடம் ஓடும், ஹெட் அடைக்கும். துடைத்தால் இன்னும் இரண்டு நிமிடம். ஒரு மணி நேரக் கேசட்டை இப்படி ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு என்ன கூலி கேட்பது என்று அந்த ரிப்பேர்க்காரருக்கு இன்னும் தெரியவில்லை. கேட்காமலே விட்டதும் உண்டு.

2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. மித்தி நதி கரைமீறி தாழ்வான பகுதிகளின் வீடுகளுக்குள் புகுந்தது. மேல்தட்டில் இருந்தது தப்பித்தது, கட்டிலுக்கடியில் இருந்தது சேறானது. அன்று ரேஷன் கார்டைத் தேடியவர்கள் கேசட்டைத் தேடவில்லை. யார் தேடுவார்கள்? நனைந்த டேப்பைச் சில நாட்களுக்குள் சுத்தமான வடிநீரில் அலசி நிழலில் உலர்த்தியிருந்தால் பலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லவும் அன்று ஆள் இல்லை.

டேப்பைவிட இயந்திரத்துக்குத்தான் ஆயுள் குறைவு. கடைசியாக விசிஆர் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. உலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கமான ஐயாசாவும் யுனெஸ்கோவும் சேர்ந்து 2019இல் காந்த டேப் எச்சரிக்கைத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கின. 2025ஐ ஒட்டி உதிரிபாகமும் தெரிந்த ஆளும் இல்லாமல் போய், டேப்புகளைப் படியெடுப்பதே முடியாத காரியமாகிவிடும் என்ற கவலை அதற்குப் பின்னால் இருந்தது. பெரிய காப்பகங்களுக்கான எச்சரிக்கை அது. பிஸ்கட் டின்களுக்கும் அதே கெடுதான். பழைய கேமராக்களின் ரப்பர் பெல்ட் இளகிப் பிசினாகிறது, சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் ஒழுகிச் சர்க்யூட்டை அரிக்கின்றன. இதற்கெல்லாம் தாளும் ஆல்கஹாலும் போதாது. இன்னொரு செத்த கேமராவைப் பிரித்து ஒட்டவேண்டியிருக்கிறது. அதனால்தான் "ஓடாத கேமராவையும் பங்கார்ல போடாதீங்க, எங்கிட்ட கொண்டாங்க" என்று அவர் வருபவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்புகிறார்.

தாராவியைப் புதுப்பித்துக் கட்டும் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் கணக்கெடுப்பு தொடங்கியது. சந்து சந்தாக வந்து வீட்டுக்கு எண் போட்டார்கள், ஆவணம் கேட்டார்கள். பீரோவின் அடியிலிருந்து மின்சார பில்லையும் ரேஷன் கார்டையும் தேடி எடுத்தபோது கேசட்டுகளும் வெளியே வந்தன. அவருக்கு வேலை கூடியிருக்கிறது. டீச்சரின் தெருக்காரர்களும் செம்பூரிலிருந்து வருகிறார்கள். பொங்கல் பானை வரிசையில் தங்கள் வீட்டு ஆட்களும் நிற்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.

ஜூன் பிறந்துவிட்டால் அவர் யார் கேசட்டையும் திறப்பதில்லை. ஈரக்காற்றில் டேப் டிரம்மில் ஒட்டும், துடைத்தது நிலைக்காது. வருபவர்களின் பெயரை ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டு, கேசட்டை நட்டமாக நிறுத்தி வைக்கச் சொல்லி, தசரா கழிந்து வரச்சொல்லித் திருப்பி அனுப்புகிறார்.